பெருவிரல் சுண்ணாம்பு

1

என் அக்காவின் புருஷனாக இருந்தவனுக்கு மறுபடியும் கல்யாணம் என்ற செய்தி, வேலைக்குப் போகும்போது டிராமில் வைத்து எனக்குக் கிடைத்தது. வாட்ஸாப்பில் நிச்சயதார்த்தப் படம் ஒன்றும், கூடவே கல்யாணப் பத்திரிகையும். பத்திரிகையின் மேலே இரண்டு மயில். நடுவில் தங்க எழுத்தில் தயாளன், சங்கீதா. தயாளனின் பெயருக்குக் கீழே மாமல்லபுரத்தில் அவன் நடத்தும் டிராவல்ஸ். பெண்ணுக்கு ஊர் கருங்குழி. அனுப்பிய சித்தி மகள் ஓர் அழுகிற பொம்மையும் 'பாத்தியா' என்ற ஒற்றை வார்த்தையும் போட்டிருந்தாள்.

பார்த்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் போனது தெரியாமல் பார்த்தேன். மெல்போர்னில் காலை நேரத்து டிராமில் யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதனால் என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. நல்லதாகப் போயிற்று.

இந்தக் குறிப்புகளில் அவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வராது. மரியாதை தெரியாதவள் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு எழுதினால் பில்டர் காபி, மல்லிகைப்பூ, மழை வாசனை என்று ஏங்குவது வழக்கம். எனக்கு அப்படி ஏக்கமெல்லாம் இல்லை. இருந்ததெல்லாம் வயிற்றெரிச்சல். அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் டிக்கெட் போட்டேன். லீவு விண்ணப்பத்தில் காரணம் கேட்ட இடத்தில் 'குடும்ப விசேஷம்' என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

2

அக்காவின் பெயர் கலா. எங்கள் வீடு செங்கல்பட்டில். அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை, ஆபீஸ் பஸ்ஸில் போய் வருவார். அக்காவைத் திருக்கழுக்குன்றத்தில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை மாமல்லபுரத்தில் டூரிஸ்டுகளுக்குச் சொந்தக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரர்களிடம் சரளமாக இங்கிலீஷ் பேசுகிறான் என்பதில் அப்பாவுக்கு ஒரே பெருமை. என்ன பேசினான், யாரோடு எங்கே போனான் என்று யாரும் விசாரிக்கவில்லை. சிகரெட் பிடிப்பானா என்று மட்டும் விசாரித்தார்கள்.

கல்யாணமாகி நாலைந்து மாதம் இருக்கும். காலேஜ் லீவில் அவள் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கால் பெருவிரலிலும் நகமே தெரியாத அளவுக்குச் சுண்ணாம்பு.

"இன்னாக்கா, காலுக்கு வெள்ளையடிச்சிகினு உக்காந்துகீறே?" என்று கேட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மாமியார்தான் பதில் சொன்னாள். எனக்கு அத்தை முறை.

"சூட்டு ஒடம்பும்மா உங்க அக்காளுக்கு. ஒண்ணுக்குப் போனா எரியுதுன்றா. சுண்ணாம்பு வெச்சிகீறேன், எல்லாத்தையும் அப்பிடியே இஸ்துடும்."

எங்கள் பக்கத்தில் இதுதான் வைத்தியம். உடம்பில் ஏறிய சூட்டைக் கால் பெருவிரல் வழியாகச் சுண்ணாம்பு இழுத்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். கூடவே ஊறவைத்த வெந்தயம், தொப்புளில் விளக்கெண்ணெய், இளநீர். கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தவனுக்கு இளநீர் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் எரிச்சல், கடுப்பு, புண், வெள்ளைப்படுவது, அடிவயிற்று வலி என்று இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் சூடுதான். சூடு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. யாரிடமிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அந்த வார்த்தையை விட மாட்டேன் என்று எல்லோரும் பிடித்துக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

அக்காவுக்கு வெள்ளைப்பட்டது. "சூட்டுல ஒடம்பு உருகுது" என்றாள் அத்தை. காய்ச்சல் வந்தது. "சூடு வெளிய வருது" என்றாள். டாக்டரிடம் போகலாமே என்று நான் கேட்டதற்கு அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கல்யாணமாயி ஆறு மாசம் ஆவல. பொம்பள டாக்டராண்ட போயி உக்காந்தா, பாக்கறவங்கல்லாம் விசேஷமான்னு கேப்பாங்க. இல்லன்னு எத்தினி பேருக்குப் பதில் சொல்லிகினு இருக்கறது?"

என் அம்மாவும் போனில் அதையேதான் சொன்னாள். "அத்த சொல்றத கேட்டுகினு இருடி, அவங்களுக்குத் தெரியாததா." அம்மா மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அத்தையின் மேல் இருக்கும் கோபம் வேறு ஜாதி. ஆனால் அம்மா மேல் இருப்பதும் கோபம்தான்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டியவர்களும் இருந்தார்கள். செங்கல்பட்டில் நான் படித்த பெண்கள் பள்ளியில், உயிரியல் புத்தகத்தில் அந்தப் பாடம் வந்ததும் டீச்சர் மொத்தமாகப் பக்கங்களைப் புரட்டி, "இத வூட்ல படிச்சிக்குங்க" என்றார். எங்களுக்கு வீடு, ஆண்களுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டுச் சுவர். மாதத்தில் ஒரு நாள் லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர்களின் போஸ்டர்கள், 'இளமையில் செய்த தவறுகளால் கலங்க வேண்டாம்' என்று வரிசையாக ஒட்டியிருக்கும். கலங்கியவன் போய்ப் பார்த்துக்கொள்வான். அவன் வீட்டில் இருப்பவளுக்கு எந்தச் சுவரிலும் ஒரு வரி எழுதியிருக்காது.

மூன்று நாலு வருஷம் குழந்தை இல்லை என்றானதும்தான் செங்கல்பட்டில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். ஸ்கேன், சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே எல்லாம் எடுத்துவிட்டு அந்த அம்மா சொன்னது: இரண்டு கருக்குழாயும் அடைத்துவிட்டது, பழைய தொற்று, கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள், புருஷனையும் கூட்டி வாருங்கள். புருஷன் வரவில்லை. "எனக்கு இன்னா? நான் கல்லு மாதிரி கீறேன்" என்றான். கல்தான், அதில் சந்தேகமில்லை.

அதற்குப் பிறகு அத்தை தெருவில் நின்றுகொண்டு என் அக்காவை மலடி என்றாள். தண்ணீர் லாரி வரும் நேரம், குடத்தோடு தெருவே கூடியிருக்கும் நேரம் பார்த்துச் சொன்னாள். இரண்டு வருஷம் கேட்டுவிட்டு அக்கா செங்கல்பட்டுக்கு வந்துவிட்டாள். விவாகரத்துப் பத்திரத்திலும் அதையேதான் வேறு வார்த்தையில் எழுதியிருந்தார்கள்.

3

நான் மெல்போர்னில் மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரிக்கு வரும் தமிழ் பேசுபவருக்கும் டாக்டருக்கும் நடுவில், நேரிலோ போனிலோ இருந்து இரண்டு பக்கத்துப் பேச்சையும் மாற்றிச் சொல்கிற வேலை. இதில் சொந்த வாய் கிடையாது. நோயாளி 'எனக்கு எரியுது' என்றால் நானும் 'எனக்கு எரிகிறது' என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் எனக்குப் பிரசவ வலி, மதியம் சிறுநீரகக் கல், சாயங்காலம் மறதி. இன்னொரு விதியும் உண்டு. காதில் விழுந்தது எல்லாவற்றையும் மாற்றிச் சொல்ல வேண்டும். 'இதை அவங்ககிட்ட சொல்லாதீங்க' என்று ஒருவர் சொன்னால், அதையும்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பால்வினை நோய் கிளினிக் ஒன்றிலிருந்து போன் வந்தது. நோயாளி தமிழர். யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுத மாட்டேன். என்ன தொந்தரவு என்று நர்ஸ் கேட்டார்.

"சூடுங்க. அடுப்பாண்டயே நிக்கற வேல. எளநி இங்க டப்பாலதான் கெடைக்குது, அதான் கேக்க மாட்டேன்னுது."

நான் இங்கிலீஷில் 'எனக்குச் சூடு' என்றேன். நர்ஸ் சிரிக்கவில்லை. பரிசோதனையில் வந்த நோயின் பெயரைச் சொன்னார். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது, முழுக்கக் குணமாகும் என்றார். பிறகு, அந்தக் கிளினிக்கில் யார் வந்தாலும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: இதை இன்னும் யாருக்கெல்லாம் தெரிவிக்க வேண்டும்? சொல்ல வெட்கமாக இருந்தால் உங்கள் பெயர் இல்லாமல் நாங்களே செய்தி அனுப்புவோம்.

நர்ஸ் விளக்கினார், நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். "நீங்க மட்டும் மருந்து சாப்பிட்டா போதாது. உங்க மனைவிக்கும் சேர்த்தே சிகிச்சை கொடுக்கணும். இல்லாட்டி அது அவங்க உடம்புல தங்கிடும். உங்களுக்கும் திரும்பத் திரும்ப வரும். அவங்களுக்கு உள்ளே போய், கருக்குழாயை..."

அந்த இடத்தில் என் நாக்கு நின்றுவிட்டது. நர்ஸ் "ஹலோ?" என்றார். தண்ணீர் குடித்துவிட்டு 'அடைச்சிடும்' என்ற வார்த்தையைச் சொல்லி முடித்தேன்.

நோயாளி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யக்கா, நீங்க நம்ம ஊர் ஆளு. ஒய்ஃபுக்கு மட்டும் வேணாம்னு நீங்களே எதனா பேசி முடிச்சிடுங்க. அவளுக்கு லேசா வெள்ளப்படுது, அவ்ளோதான். வெந்தயம் சாப்புட்டுகினுதான் கீறா."

ஒரு வார்த்தை விடாமல் மாற்றிச் சொன்னேன், வெந்தயம் உட்பட. அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் பின்னும் நான் மொழிபெயர்த்ததில்லை.

போனை வைத்த பிறகு சமையலறை மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன். கண் முன்னால் அக்காவின் இரண்டு பெருவிரல்கள். அப்போது உறைத்தது. அந்த வீட்டில் தயாளன் காலில் சுண்ணாம்பைப் பார்த்ததே இல்லையே. அவன் வெந்தயம் குடித்ததில்லை, தொப்புளில் எண்ணெய் வைத்ததில்லை. அவனிடமிருந்துதான் அவளுக்கு வந்தது என்றால், அவனுக்கு மட்டும் எப்படிச் சரியானது?

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "வுடுடி, கையெழுத்தே போட்டாச்சி. இனிமே கேட்டு இன்னா ஆவப்போவுது" என்றாள். விட்டுவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

4

என் மகள் இனியாவுக்குப் பதினாலு வயது. பள்ளியில் அவளுக்கு உடல்நல வகுப்பு உண்டு. ஆணுறையைப் பற்றிய பாடத்தை வாழைப்பழத்தை வைத்து நடத்தினார்களாம். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் வாழைப்பழம் வாங்கவில்லை. தமிழ்ப் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் ஒரே ரகளை. 'நம்ம பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு, நம்ம கல்ச்சர்ல இந்த வியாதியே கிடையாது' என்று ஓர் அப்பா எழுதினார். அதற்கு இருபது பேர் கைகூப்பிய பொம்மை. கலா அக்காவின் கருக்குழாய் எந்தக் கலாச்சாரத்தில் அடைத்தது என்று பதில் எழுதினேன். அத்தோடு குழு அமைதியானது. என்னைத் தீபாவளி விருந்துக்கும் கூப்பிடவில்லை.

அக்கா யார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் இனியா அதைப் படித்துவிட்டாள். கேட்டாள், சொன்னேன். அவளுடைய தமிழ் ஒவ்வொரு வருஷமும் என் கையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இருந்தாலும் அன்று தமிழிலேயே கேட்டாள்.

"பெரியம்மாவை எல்லாரும் கேள்வி போட்டாங்க. அந்த அங்கிளை ஏன் யாருமே கேள்வி போடல?"

"கேள்வி போடறதில்ல, கேக்கறது" என்று திருத்தினேன். எங்கள் வீடு, அவர்கள் வீடு, பஞ்சாயத்துக்கு வந்தவர்கள், வக்கீல், ஒருத்தர்கூட அவனைக் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஆள் அந்த லேடி டாக்டர். அவர் கூப்பிட்டு அவன் வரவில்லை.

பத்திரிகை வந்தது இதற்கு அடுத்த மாதம். இனியாவுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டேன்.

5

கலா அக்கா இப்போது சிங்கப்பெருமாள் கோயிலில் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் வார்டன். வாரக் கடைசியில் செங்கல்பட்டு வீட்டுக்கு வருவாள். ஹாஸ்டலில் அவள் போட்ட சட்டம் ஒன்று உண்டு: யார் காலிலும் சுண்ணாம்பு இருக்கக் கூடாது. எரிகிறது என்றால் நேராக ஆஸ்பத்திரி, கூட அவளே போவாள். இதை அம்மா என்னிடம் புகாராகச் சொன்னாள். அக்கா எதையும் விடவில்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கருங்குழிக்கு வருகிறாயா என்று கேட்டேன்.

"நான் வந்தா வயித்தெரிச்சல்ல வந்துட்டான்னுவாங்க."

"எனக்கும் வயித்தெரிச்சல்தானே."

"நீ போ. நீதான் இங்கிலீஷ்ல வயித்தெரிச்சல் படறவ, கேப்பாங்க."

பத்திரிகையிலேயே விலாசம் இருந்தது. நானும் இனியாவும் பஸ் ஏறிக் கருங்குழியில் இறங்கினோம். சங்கீதாவின் அப்பா ரிட்டயரான கண்டக்டர், நிதானமான மனிதர். நான் யாரென்று சொன்னதும் முகம் சுருங்கியது. ஆனாலும் உட்காரச் சொன்னார்.

"கல்யாணத்த நிறுத்தச் சொல்லி நான் வரலீங்க. மாப்பிள்ளைய ஒரு டெஸ்ட் மட்டும் எடுக்கச் சொல்லுங்க. ரத்தம், யூரின். ரிப்போர்ட் நல்லா வந்தா நானே வந்து அட்சதை போடறேன்."

"பையனுக்கு இன்னாம்மா கொறச்சல்? மொத பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்ல, கொழந்த நிக்காதுன்னுதான் சொன்னாங்க."

"ஏன் நிக்கலன்னு சொன்னாங்களா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு இனியாவைப் பார்த்தார். சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பேசுகிறாளே என்ற பார்வை. சமையல்கட்டு வாசலில் சங்கீதா நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும், ஜாதகத்தால் தள்ளிப்போன கல்யாணம்.

"நைனா, நானும் எடுத்துக்கறேன், அவரும் எடுக்கட்டும். இதுல இன்னா கீது?" என்றாள்.

கண்டக்டர் போன் போட்டார். மதியத்துக்கெல்லாம் தயாளன் டிராவல்ஸ் வண்டியிலேயே வந்து இறங்கினான், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. தொப்பை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான்.

"இவ எங்க இங்க வந்தா? மாமா, இந்தக் குடும்பமே பேஜாரு புடிச்ச குடும்பம். இவ பேச்சக் கேட்டா டெஸ்டுன்றீங்க? எனக்கு இன்னா பொம்பள சீக்கா கீது?"

பொம்பள சீக்கு. பால்வினை நோய்க்கு எங்கள் பக்கத்து ஆண்கள் வைத்திருக்கும் பெயர் அதுதான். கொண்டு வருவது அவர்கள், பெயர் நமக்கு.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. தயாளன் பக்கம் திரும்பி, வேலையில் பேசுகிற குரலை எடுத்தேன், சொந்த வாய் இல்லாத குரல்.

"மாமா, கல்யாணமான புதுசுல உங்களுக்கு எரிச்சல் இருந்துச்சில்ல?"

"அது சூடு. நாளெல்லாம் வண்டி ஓட்டறவனுக்கு இருக்காதா?"

"இருக்கும். எங்க அக்காவுக்கும் அப்பதான் வந்துச்சி. அவ சுண்ணாம்பு வெச்சிகினா. நீங்களும் சுண்ணாம்புதான் வெச்சிகினீங்களா?"

அவன் சிரித்தான். பெரிய பகடியைக் கேட்டவன் போல கண்டக்டரைப் பார்த்துச் சிரித்தான்.

"கால்ல சுண்ணாம்பு பூசிகினு உக்கார நான் இன்னா பொம்பளையா? செங்கல்பட்டுல டாக்டராண்ட போயி ஊசி போட்டுகினேன், மாத்தர துன்னேன், ஒரே வாரத்துல போச்சி. இன்னா, போவும், திரும்ப வரும். எத்தினியோ வாட்டி போட்டுகினேன். ஏன் வந்துச்சி? எல்லாம் உங்க அக்காகிட்டர்ந்துதான். அவ ஒடம்புலதான் சீக்கு இருந்துச்சி, அதான் திரும்பத் திரும்ப எனக்கு ஒட்டிச்சி. என்னிய டெஸ்ட் பண்ணணுமா?"

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினான். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தான். என்ன சொன்னோம் என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை. சமையல்கட்டு வாசலிலிருந்து சங்கீதா கேட்டாள்.

"அவங்ககிட்டதான் சீக்கு கீதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமில்ல. அவங்களுக்கு இன்னா ஊசி போட்டீங்க?"

தயாளனுக்குப் பக்கத்தில் நின்ற அத்தை தன் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இந்த ஊசிக் கதை தெரியாது, அது முகத்திலேயே தெரிந்தது.

"நாந்தான் சுண்ணாம்பு வெச்சேனே" என்றாள் அத்தை, யாரிடம் என்றில்லாமல். "ரெண்டு காலுக்கும் வெச்சேனேப்பா. நீ ஒண்ணியும் சொல்லலியே."

கண்டக்டர் எழுந்து உள்ளே போனார். நிச்சயதார்த்தத்துக்கு அவர்கள் கொடுத்த பட்டுப்புடவையைத் தாம்பூலத் தட்டில் வைத்து எடுத்து வந்து, தயாளன் கையில் கொடுத்தார். தயாளன் கத்த ஆரம்பித்தான். என்னை என்னவெல்லாமோ திட்டினான். சும்மா சொல்லக் கூடாது, ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு இனித்தது. எல்லாவற்றையும் இங்கிலீஷில் மாற்றிப் பார்த்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

"அம்மா, இப்ப கேள்வி போட்டாச்சு" என்றாள் இனியா. நான் திருத்தவில்லை.

6

அக்கா அன்று சாயங்காலமே லீவு போட்டுவிட்டு வந்துவிட்டாள். சாப்பிட உட்கார்ந்தவளிடம் நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அழுவாளோ என்றும் பயந்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"எத்தினியோ வாட்டின்னா சொன்னான்? இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.

"அப்ப அந்தக் கெழவி மூஞ்சி எப்பிடி இருந்துச்சி?"

அதையும் சொன்னேன். தட்டில் கை வைத்தபடியே மறுபடி முதலிலிருந்து கேட்டாள். சோறு ஆறிப்போனது. மோரை ஊற்றி ஒரே மூச்சில் பிசைந்து சாப்பிட்டாள். அம்மா மூலையில் உட்கார்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவள், பாதியிலேயே நிறுத்திவிட்டாள். ஊசி என்ற இடம் வந்தபோதே அவள் கை நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் அக்கா புடவை கட்டித் தயாராக நின்றாள். அம்மாவிடம் கை நீட்டினாள்.

"அந்தச் சுண்ணாம்பு டப்பாவக் குடு."

எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. உள்ளே போய், கடையில் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த பெரிய டப்பாவை எடுத்து வந்தாள். "அது இன்னாத்துக்கு ஆவும், பத்தாது. இத எடுத்துக்கினு போ" என்றாள். அக்கா வாங்கிக்கொண்டாள். அம்மாவை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

திருக்கழுக்குன்றத்தில், மலையடிவாரத் தெருவில், தண்ணீர் லாரி வரும் நேரமாகப் பார்த்துத்தான் இனியாவையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கினோம். அக்கா அந்த நேரத்தை மறக்கவில்லை. குடங்களோடு தெரு நின்றிருந்தது. டிராவல்ஸ் வண்டி வாசலிலேயே இருந்தது. அத்தை கதவைத் திறந்தாள். ஒரே ராத்திரியில் வயசாகியிருந்தது. அக்கா டப்பாவை வாசற்படியில் வைத்தாள்.

"அத்த, உங்க புள்ளைக்கு சூடு ஜாஸ்தியாயிடுச்சாம். எத்தினி ஊசி போட்டாலும் திரும்பத் திரும்ப வருதாம். நேத்து கருங்குழில அவரே சொன்னாரு. இந்தாங்க, ரெண்டு பெருவெரலுக்கும் வெய்யுங்க. எனக்கு வெச்ச மாதிரியே நல்லா அப்பி வெய்யுங்க. எல்லாத்தையும் அப்பிடியே இஸ்துடும்."

"நட்டநடுத் தெருவுல நின்னுகினு எம் மானத்த வாங்கறியேடி!"

"மலடின்னு நீங்க இதே தெருவுலதானே சொன்னீங்க. நான் ஒண்ணும் வேற தெரு கேக்கலியே."

யாரோ ஒரு பெண் குடத்தை நழுவவிட்டாள். உள்ளே ஜன்னல் திரை அசைந்தது, ஆனால் அவன் வெளியே வரவில்லை. அக்கா அதையும் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பினாள். என் வாழ்நாளில் அவள் அவ்வளவு நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. இனியா தட்டியே விட்டாள்.

பக்கத்து வீட்டைத் தாண்டும்போது அக்கா சட்டென்று நின்றாள். அந்த வீட்டுப் படியில் ஒரு சின்னப் பெண் காலிக் குடத்தோடு நின்றிருந்தாள். புதுத் தாலிக் கயிறு, மஞ்சள்கூட மங்கவில்லை. அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தாள். இரண்டு பெருவிரலிலும் சுண்ணாம்பு, நகம் தெரியாமல்.

"எத்தினி நாளா எரியுது?"

அந்தப் பெண் வீட்டுக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு வாரமாக்கா. சூடுதான்னு..."

"அடிவயிறு வலிக்குதா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள். கண் கலங்கிவிட்டது.

"எதுவா இருந்தாலும் டாக்டர் பாத்துச் சொல்லட்டும். கால அலம்பிகினு செருப்ப மாட்டிகினு வா. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம், நான் கூட கீறேன்."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். உள்ளே ஆள் இருக்கும் சத்தம் கேட்டது. அக்கா படியில் ஒரு காலை வைத்து, தெருவே கேட்கிற மாதிரி அந்த வீட்டுக்குள் குரல் கொடுத்தாள்.

"உள்ள யாரு, இவ வூட்டுக்காரரா? அண்ணாத்த, நீயும் சட்டைய மாட்டிகினு வா. ஊசின்னா ரெண்டு பேருக்கும்தான்."